கண்டக்டர் ஏறுவதற்குள் உள்ளே போகும் படி

1

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் பனியைப் பற்றி எழுதுவார்கள், இலை சிவப்பதைப் பற்றி எழுதுவார்கள். நான் எங்கள் வண்டியின் படியைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காமல் படியுங்கள் என்று கேட்க மாட்டேன். எழுதுகிற எனக்கே சிரிப்பு தாங்கவில்லை.

எங்களுடையது பிக்கப் வண்டி. முன்னால் கார் மாதிரி ஐந்து பேர் உட்காரலாம். பின்னால் குட்டி லாரி மாதிரி திறந்த தொட்டி. கனடாவில், ஆல்பர்ட்டா பக்கத்துச் சின்ன ஊர்களில் பால் வாங்கக்கூட இதில்தான் போவார்கள். என் வீட்டுக்காரர் தேவா எண்ணெய்க் கிணற்று வேலைக்குச் சேறும் பனியுமான பாதையில் போக வேண்டியிருக்கிறது என்று ஆசை ஆசையாக வாங்கினார். வாங்கிய கையோடு கம்பெனிக்காரர்களே ஆட்களைப் பஸ்ஸில் கூட்டிப்போக ஆரம்பித்துவிட்டார்கள். மாதத்தில் பாதி நாள் அவர் அங்கேயே வேலையாட்கள் தங்கும் கேம்பில் இருப்பார், வண்டி முழு நாளும் என் தலையில்.

நானோ குள்ளம். கதவுக் கம்பியைப் பிடித்து, மூச்சை இழுத்துக்கொண்டு, ஒரு தாவு தாவினால்தான் டிரைவர் சீட்டில் போய் விழுவேன். எங்கள் மகள் யாழினி அதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடத் தோழிகளிடம் காட்டுகிறாள் என்றும் கேள்வி.

நாங்கள் இங்கே வந்து பத்து வருஷம் முடிந்தது. கொண்டாட என்ன வேண்டும் என்று தேவா கேட்டார். நகை வேண்டாம், என் அக்காவைக் கூப்பிடுங்கள், ஒரே ஒரு குளிர்காலம் அவள் என்னோடு இருக்க வேண்டும் என்றேன். இங்கே குளிர்காலம் என்றால் வெறும் குளிர் மட்டும் இல்லை. சாயங்காலம் என்ற ஒன்றே காணாமல் போய்விடும். தேவா கேம்பில், யாழினி தன் அறையில், நான் ரொட்டிக்கடை வேலை முடிந்து வந்து சுவரோடு பேசிக்கொண்டிருப்பேன். அந்த மாதங்களில் எனக்கு ஊர் வேண்டாம், ஊரிலிருந்து வசந்தா அக்கா ஒருத்தி போதும்.

அக்கா தனியாக வர மாட்டாள், மாமா இல்லாமல் ஒரு நாளும் இருக்க மாட்டாள். ஆகவே இரண்டு விசா. மாமா போட்டோவில் காது தெரியவில்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். காது தெரிய எடுத்தால் சிரிக்கிறார் என்று இன்னொருமுறை. "மொகத்துல சிரிப்பு கீதுன்னா அது என் தப்பா?" என்று மாமா ஸ்டூடியோக்காரரிடம் சண்டைக்குப் போனாராம்.

2

விமான நிலையத்தில் வண்டியைப் பார்த்ததும் அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாடி இது, வைக்கோல் ஏத்துற வண்டியாட்டம் கீது? இதுல நான் எப்பிடி ஏர்றது?"

அவளுக்கு இரண்டு முட்டியும் தேய்மானம். நான் முன்னாலிருந்து இழுத்தேன், மாமா பின்னாலிருந்து தள்ளினார், அக்கா சிரித்துச் சிரித்து இன்னும் கனமாகிவிட்டாள். கடைசியில் மாமா பெட்டியைப் படுக்கப்போட்டு அதன்மேல் ஏற்றித்தான் உள்ளே அனுப்பினார். ஊரிலிருந்து எனக்காகச் சுட்டுக் கொண்டுவந்த முறுக்கு அந்தப் பெட்டியில்தான் இருந்தது. அதை நாங்கள் பிறகு ஸ்பூனால் அள்ளித் தின்றோம்.

மறுநாளிலிருந்து சமையலறை பிளாஸ்டிக் ஸ்டூல் வண்டியோடு வந்தது. அதற்கு முழுப் பொறுப்பு மாமா. ஸ்டூலைப் போடுவார், ஆட்டிப் பார்ப்பார், அக்காவின் முழங்கையைப் பிடித்து ஏற்றுவார், ஸ்டூலைத் தூக்கித் தொட்டியில் போடுவார், வண்டிப் பக்கத்தில் பட் பட்டென்று இரண்டு தட்டு தட்டுவார். அப்புறம் தெருவே அதிர, "போலாம் ரைட்!"

எங்கள் தெருவில் நாய்கூட அனுமதி கேட்டுத்தான் குரைக்கும். எனக்கு மானம் போயிற்று.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் கன்னியப்பன். உத்திரமேரூரிலிருந்து திருமுக்கூடல் வழியாகக் காஞ்சிபுரம் போகிற பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். உத்திரமேரூர் என்றால் படித்தவர்கள் கல்வெட்டைச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெயரைக் கேட்டால் பஸ் ஸ்டாண்டுதான் ஞாபகம் வரும், அங்கே பஸ் படியில் ஒற்றைக் காலும் வெளியே ஒற்றைக் காலுமாக நிற்கிற மாமா ஞாபகம் வருவார்.

அக்காவைப் பெண் பார்த்ததே பஸ் படியிலிருந்துதான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கூலி வேலை. பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஒரு நாள் வேலையை விட முடியாது. வருகிறவர்களை உட்கார வைக்க வீட்டில் இடமும் கிடையாது. அதனால் எங்கள் ஊர் நிறுத்தத்தில், புளியமரத்தடியில் அக்காவைப் புடவை கட்டி நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் நான், மூக்கொழுகிக்கொண்டு. பஸ் வந்து நின்றது. மாமா படியிலிருந்து பார்த்தார். அவர் மட்டுமா பார்த்தார்? கீரைக்கூடைக்காரிகள், துணிமூட்டையோடு போன பாய், காலேஜ் பையன்கள், அத்தனை பேரும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்கள்.

"பொண்ணு நல்லாத்தான் கீது கண்டக்டரே. சட்டுனு சொல்லு, எனக்கு ஆஸ்பத்திரிக்கு நேரமாவுது" என்று ஒரு அம்மாள் குரல் கொடுத்தாள்.

மாமா வெட்கத்தில் விசிலை ஊதிவிட்டார். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். சரியா இல்லையா என்று தெரியாமல் அம்மா பகல் முழுக்கத் தவித்தாள். சாயங்காலம் திரும்புகிற டிரிப்பில் வண்டி நிற்கவே இல்லை. படியில் தொங்கியபடி மாமா எங்களைப் பார்த்து, "சரீ!" என்று கத்திக்கொண்டே போனார். எங்கள் வீட்டு நிச்சயதார்த்தம் அவ்வளவுதான்.

3

இப்போது என் புத்திசாலித்தனத்தைக் கேளுங்கள்.

அக்காவின் முட்டியையும் என் மானத்தையும் ஒரே செலவில் காப்பாற்றலாம் என்று நினைத்தேன். வண்டிக்குத் தானியங்கிப் படி மாட்டினேன். கதவைத் திறந்தால் வண்டியின் அடியிலிருந்து ஒரு நீளப் படி தானாக வெளியே வந்து தாழ இறங்கி நிற்கும். கதவை மூடினால் தானாக மடங்கி உள்ளே போய்விடும். ஓடும்போது பார்த்தால் படி இருப்பதே தெரியாது.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கதவைத் திறந்தாள், படி வந்தது. மூடினாள், போயிற்று. திறந்தாள், மூடினாள். "ஐய, நாக்கு நீட்டுதுடி!" என்று கைகொட்டினாள். ஏறினாள், இறங்கினாள், வேலையே இல்லாமல் மறுபடி ஏறினாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியதில் அது வீட்டு முன்னால் வண்டி நிற்கிற டிரைவேயிலேயே கிடந்தது. புதுப் படியில் செருப்புக் காலை வைக்க மனசு வரவில்லையாம்.

மாமா மட்டும் ஸ்டூலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். யாழினி அதை வாங்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் போட்டாள்.

அன்றைக்குக் கடைக்குக் கிளம்பினோம். அக்கா தானாக ஏறிக்கொண்டாள். நான் வண்டியைக் கிளப்பினேன். மாமா தன் வழக்கப்படி வெளியே நின்று எல்லாக் கதவையும் அடைத்தார், பட் பட்டென்று தட்டினார், "ரைட்!" என்றார். நானும் 'ரைட்' கேட்ட பழக்கதோஷத்தில், அவர் ஏறிவிட்டாரா என்று பார்க்காமல், மெல்ல வண்டியைப் பின்னால் எடுத்தேன். மாமா முன்கதவுக் கைப்பிடியைப் பிடித்தார். இத்தனை வருஷம் பழகிய காலை, பார்க்காமலேயே, படி இருக்கும் இடத்தில் வைத்தார்.

கதவுதான் அடைத்தாயிற்றே. படி உள்ளே போய்விட்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் பல் உடைந்திருக்கும். மாமா கைப்பிடியை விட்டார், வண்டி போகிற பக்கமாகவே நாலெட்டு ஓடினார், ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்குகிற கணக்காகச் சுத்தமாக வந்து நின்றார். தலைமுடிகூடக் கலையவில்லை. ஆனால் முகம் கலைந்துவிட்டது. எதிர்வீட்டு ஜன்னலில் வயதான மார்கரெட் வாயில் கை வைத்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்தேன்.

நான் இறங்கி ஓடினேன். "மாமா, அடி கிடி பட்டுச்சா?"

"அடியெல்லாம் ஒண்ணும் இல்ல மச்சினி. ஆனா ஒண்ணு சொல்லு. கண்டக்டர் ஏர்றதுக்குள்ள படிய எடுத்துக்கினு போற வண்டில எனக்கு இன்னா வேல கீது?"

"அது மெஷின் மாமா. அதுக்கு நீ யாருன்னு தெரியாது."

"அதான் நானும் சொல்றேன். இங்க எதுக்குமே என்னத் தெரியல. கதவு தானா தொறக்குது, பைப்பு தானா ஊத்துது, இப்ப படியும் தானா வருது. நான் ஊருக்குப் பூட்றேன். குளிர் வர்றதுக்கு முன்னாடி டிக்கெட்ட போடு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். விளையாட்டு இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமல் தேதியை மாற்றவைத்தார். அக்டோபர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. அக்கா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அவுரு போனா நான் மட்டும் இங்க இன்னா பண்றது, அமுதா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் துணி துவைக்கிற அறைக்குப் போய், மெஷினை வெறுமனே ஓடவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன். பத்து வருஷ ஆசைக்கு நானே காசு கொடுத்துக் குழி தோண்டியிருந்தேன்.

4

மாமா விழப்போன மறுவாரம், வியாழக்கிழமை, மார்கரெட் தான் ஊன்றி நடக்கிற நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் கேக் டப்பா. அன்றைக்கு விழப்போனவருக்கு ஒன்றுமில்லையே என்று விசாரிக்க வந்தாராம். இத்தனை வருஷத்தில் நாங்கள் பனி பெய்கிறது, பனி நின்றுவிட்டது என்பதைத் தவிர வேறு எதுவும் பேசியது கிடையாது. கண் மங்கியதால் தன் லைசென்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள் என்றும், கடைக்குப் போக மகனை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது என்றும் அன்றைக்குத்தான் சொன்னார். பேசிக்கொண்டே எங்கள் வண்டியின் அடியைக் குனிந்து குனிந்து பார்த்தார். "அந்தப் படி எனக்கும் வருமா?" என்றார், ஆங்கிலத்தில்.

மாமாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஏறலாமா என்று தயங்கி நிற்கிற ஆளைத் தெரியும். எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்தார். படி வந்தது. மார்கரெட் பயந்து நின்றார்.

"வாம்மா, வாம்மா. கைய இங்க புடி. அவசரமில்ல, வண்டி நிக்கும்" என்றார் மாமா. அந்தத் தமிழ் மார்கரெட்டுக்கு எப்படிப் புரிந்ததோ, சரியாகக் கையை அங்கே பிடித்து ஏறி உட்கார்ந்தார். மாமா நடைவண்டியை மடக்கித் தொட்டியில் போட்டார். பின்கதவை அடைக்கப் போனவர் நின்றார். முன்கதவைத் திறந்தார். பிறகு பின்கதவை அடைத்தார்.

படி உள்ளே போகவில்லை.

மறுபடி செய்து பார்த்தார். ஒரே பக்கத்தில் ஏதாவது ஒரு கதவு திறந்திருந்தாலும் படி வெளியேதான் நிற்கும். எனக்கே அது தெரியாது. மாமா முன்கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் பின்பக்கம் போய்த் தட்டினார், நிதானமாக முன்னால் வந்தார், நின்றிருந்த படியில் காலை வைத்து ஏறினார், தன் கையால் கதவை இழுத்து அடைத்தார். அப்புறம்தான் படி உள்ளே போயிற்று.

"பாத்தியா மச்சினி? நான் ஏறுன பின்னாடிதான் போவுது. கதவு என் கையில கீற வரைக்கும் அதுவும் என் பேச்சத்தான் கேக்கணும். ஏனாத்தூர் காலேஜ் பசங்களையே படியிலேர்ந்து உள்ள தள்ளுனவன் நான். ம், எடு வண்டிய."

நான் எடுத்தேன். மார்கரெட் பின்சீட்டில் சிறுபிள்ளை மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

5

அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை.

மார்கரெட் தெருக்கோடி வால்டரிடம் சொல்லியிருக்கிறார். வால்டர் தன் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த வியாழக்கிழமை நான் வேலையிலிருந்து வந்தால் எங்கள் டிரைவேயில் மூன்று வயதானவர்கள் வரிசையாக நிற்கிறார்கள், முன்னால் மாமா கழுத்தில் விசிலோடு. விசில் எங்கிருந்து வந்தது என்றால் பெட்டியிலேயே வந்திருக்கிறது. முறுக்குதான் நொறுங்கியது, விசில் நொறுங்கவில்லை.

"டிரைவர் அம்மா, லேட்டு" என்றார் என்னைப் பார்த்து. "பாசஞ்சருங்க பேஜாராயிட்டாங்க."

பாசஞ்சர்கள் பேஜாரானதாகத் தெரியவில்லை. வால்டர் தலையில் இல்லாத தொப்பியைத் தூக்கி எனக்கு வணக்கம் வைத்தார்.

வியாழன் தோறும் சர்வீஸ். வீடு, மளிகைக் கடை, மருந்துக் கடை, நூலகம், திரும்ப வீடு. டிக்கெட் இல்லாமல் யாரும் ஏறக்கூடாது என்று மாமா கடை விளம்பரத் தாளை நீளநீளமாகக் கிழித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். அதை மடித்து வாட்ச் பட்டைக்குள் செருகிக்கொள்ள வேண்டும் என்று தன் கையில் செருகிக் காட்டினார். மூன்று பேரும் அப்படியே செருகிக்கொண்டார்கள். கடையில் மார்கரெட்டின் மணிக்கட்டில் தக்காளிப் படம் போட்ட டிக்கெட் எட்டிப் பார்த்தபோது நான் பருப்பு அலமாரிக்குப் பின்னால் நின்று, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன்.

பயம் வந்து இன்சூரன்ஸுக்கு நானே போன் செய்தேன். அக்கம்பக்கத்து முதியவர்களைக் கடைக்குக் கூட்டிப் போகலாமா? கட்டணம் வாங்குகிறீர்களா என்று கேட்டாள் போனை எடுத்த பெண். இல்லை என்றேன். அப்படியானால் தாராளமாக என்றாள். டிக்கெட் கொடுக்கிறீர்களா என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மாமாவுக்கு ஒரே குறை, வண்டிக்குப் போர்டு இல்லை என்பது. தமிழ் வகுப்பு என்றாலே வயிற்றுவலி வந்துவிடுகிற யாழினி ஒருநாள் அட்டை வெட்டி, மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு, பெரிதாக 'உத்திரமேரூர்' என்று எழுதி முன்கண்ணாடிக்குள் வைத்தாள். எழுத்துக்கு நடுவே பூவெல்லாம் வரைந்திருந்தாள். ஆல்பர்ட்டாவில் உத்திரமேரூர் வண்டி ஓடியது. ஒரு வெள்ளைக்காரர் சிக்னலில் கண்ணாடியை இறக்கி, அது என்ன மொழி என்று கேட்டார். வண்டி எங்கே போகிறது என்று கேட்கிறார் என நினைத்து, "போயிட்டு வந்துகினே கீறோம்" என்று மாமா பதில் சொல்லிவிட்டார்.

இதில் பாவம் அக்காதான். அவளுடைய முட்டிக்கு வாங்கிய படி. பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் அவளுக்கு இடமில்லை. "எறங்கு, எறங்கு, பாசஞ்சர் நிக்கிறாங்க" என்று மாமா ஒருநாள் அவளையே இறக்கிவிட்டார். "கட்டுன பொண்டாட்டிய எறக்கிவுட்டுட்டு வெள்ளக்காரிய ஏத்திக்கினு போறியே, உன்ன கேக்க ஆளே இல்லியா?" என்று அக்கா வாசலில் நின்று கத்தினாள். மார்கரெட்டுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனாலும் அவரும் அக்காவைப் பார்த்து, பாவம்தான் என்று உச்சுக்கொட்டினார்.

எல்லாம் சரி. ஊருக்குப் போகிற அந்தத் தேதியைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. நான் வாயைத் திறந்தால் மாமா, "சொன்னா சொன்னதுதான், ஆம்பள ஒருதரம்தான் சொல்லுவான்" என்பார் என்று தெரியும். அவருக்கு இருக்க ஆசை, கேட்க வெட்கம். அக்காவுக்கும் அதே கதைதான். நானும் அவர்கள் வீட்டுப் பெண்தானே, எனக்கு மட்டும் வீம்பு இருக்காதா? இப்படி மூன்று பேரும் சிரித்துப் பேசிக்கொண்டே மூட்டை கட்டினோம்.

6

அந்த வியாழக்கிழமை வந்தது. முதல் பனி தூவியிருந்தது. நான் லீவு போட்டிருந்தேன். அக்கா கோட்டை மாட்டி, பித்தான் போட்டு, காலுறைக்குள் காலைத் திணித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. பார்த்தால் இருவரும் தொலைந்தோம்.

மாமா இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

டிரைவேயில் மார்கரெட், வால்டர், வால்டரின் மனைவி. பனியில், வரிசையாக, மணிக்கட்டில் போன வாரத்து டிக்கெட்டோடு.

"இவுங்களுக்குச் சொல்லலியா நீ?" என்று மாமா என்னைக் கேட்டார்.

"மறந்துட்டேன் மாமா" என்றேன். அவரிடம் அப்படித்தான் சொன்னேன். உங்களிடம் சொல்கிறேன், மறக்கவில்லை.

மாமா பெட்டியைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். மார்கரெட் கைப்பையைத் திறந்து பெரிய பட்டியல் ஒன்றை எடுத்து ஆட்டிக் காட்டினார். வால்டர் வண்டிக் கதவருகே போய், எனக்கென்ன தெரியும் என்கிற மாதிரி, மாமா வந்து திறக்கட்டும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தானே திறந்தால் படி வரும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"சொல்லி அனுப்பிடட்டுமா மாமா? பிளைட்டுக்கு நேரமாவுது" என்றேன்.

"பனியில நிக்கிறவங்கள எப்பிடி அனுப்புவ? அறிவு கீதா உனக்கு?" என்று என்மேல் எரிந்து விழுந்தார் மாமா. "வண்டி ஃபுல்லு. இதுல எங்க ரெண்டு பேருக்கும் பெட்டிக்கும் எடமெங்க கீது? நீயே சொல்லு."

நான் குனிந்து பையில் வண்டிச் சாவியைத் தேடினேன். சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மாமா இரண்டு பெட்டிகளையும் திரும்ப வீட்டுக்குள் தள்ளினார். தள்ளிவிட்டு அக்காவிடம், ஏதோ தினமும் சொல்கிற விஷயம் மாதிரி சொன்னார்: "வசந்தா, நீ இரு. பங்குனியில போய்க்கலாம்."

அக்கா கோட்டோடு பெட்டியின்மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்துக் காலுறையை உருவி எறிந்தாள். "வரும்போது பசியோட வருவாங்க. எத்தினி பேருக்கு உப்புமா கிண்டட்டும்?" என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.

எல்லோரையும் ஏற்றிவிட்டு மாமா முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார். நான் வண்டியை எடுத்தேன். தெரு முழுக்க வெள்ளையாக இருந்தது, எனக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சினேன். பின்னாலிருந்து மார்கரெட் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினார். மாமா அதை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

"இன்னா டிரைவரு, அளுவறதெல்லாம் வூட்ல வெச்சிக்க. பாசஞ்சர் கீறாங்க, முன்னால பாத்து ஓட்டு."